பள்ளத்துக்கு ஒரு ஆள்

“…சரி, பள்ளத்துல நிக்க ஆள் இருக்குன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த ஆளு எப்பங்க வெளையாடுறது? அத மட்டும் சொல்லிருங்க கேப்டன், நான் கடையத் தொறக்கப் போறேன்.”

இப்படிக் கேட்டவர் வெல்டிங் பாஸ். பதுளையில் கைவேலை தெரிந்த ஆண்கள் எல்லாருமே பாஸ்தான். கல் கட்டுகிறவர் மேசன் பாஸ், மரவேலைக்காரர் தச்சுப் பாஸ், இவர் வெல்டிங் பாஸ். லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் தொழில் பழகி, பசறை ரோட்டில் தகரக் கூரையின் கீழ் சொந்தக் கடை போட்டவர். வாய் ஓயாது. அன்றுவரைக்கும் அவர் வாயடைத்து யாரும் பார்த்ததில்லை.

செலவுக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குக் கணினி தெரியும், விலைப்பட்டியல் தெரியும். அதில் எனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் சிமெந்துக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணப் போனவள். பிறகு மணல் லொறிக்குப் பின்னால் ஓடினேன், பிறகு ஒரு மேசை கிடைத்தது, ஓய்வு பெறும்போது ஊரெல்லாம் என்னைக் கணக்கக்கா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் மனிதர்கள் பேசும்போது காதைத் திறந்து வைத்துக்கொண்டு கற்றது. ஆகையால் நான் சொல்லப்போகிற நல்ல வார்த்தைகள் எல்லாம் வேறு யாரோ சொன்னவை. நடந்ததைச் சொல்வது மட்டும் என் பங்கு.

டொலர் ஏறிய காலம் அது. நகரப் பூங்காவின் மேல் மூலையில் பொதுமக்களுக்காக ஒரு வலைப்பந்துத் திடலும் ஒரு கரப்பந்துத் திடலும் கட்டுவதற்கு எங்கள் கம்பனிக்கு வேலை கிடைத்திருந்தது. நம்ம ஊரில் மட்டமான நிலம் என்று தனியாக ஏது? மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேல் தாங்குசுவர் எழுப்பித்தான் ஒரு திடலுக்கு இடம் பண்ண வேண்டும். சுவருக்குக் கீழே செங்குத்தான புல்சரிவு. அதற்கும் கீழே பஸ் திரும்புகிற ரோடு. நாங்கள் சுவரை முடித்து மூச்சு விட்ட நேரத்தில் இரும்பும் சிமெந்தும் விலையேறி வானத்துக்குப் போய்விட்டன. தந்த பணமோ தந்தபடியே நின்றது. எதையாவது விட வேண்டும்.

எதை விடுவது என்று தீர்மானிக்கத்தான் அன்றைக்குக் கூடினோம். எங்களுக்கு மேலே இருந்த பொறியியலாளர் ஒரு பெண்மணி, மெடம் என்போம். சிங்களக்காரர். மகியங்கனைப் பக்கம். தமிழை வேலைத்தளத்தில் கூலியாட்களிடம் கற்றுக்கொண்டதால் அவருடைய தமிழ், தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற அசல் லயத்துத் தமிழ். எங்களைவிட அழகாகத் திட்டுவார். செலவைக் குறைக்கிற கூட்டத்தை அவர் ஒருநாளும் அறைக்குள் வைத்ததில்லை. “மேசையில வெட்டுனா எல்லாம் லேசா வெட்டுப்படும். எடத்துல நின்னு வெட்டுனாத்தான் எங்க ரத்தம் வருதுன்னு தெரியும்” என்பார். அதனால் மழை விட்டும் விடாத ஒரு காலையில் சேற்றில் நின்றுகொண்டு பேசினோம். விலை கொடுத்திருந்த பாஸ்மாரும் வந்திருந்தார்கள்.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் சார்பில் வந்தவர் கேப்டன். தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றின் கரப்பந்து அணிக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். இப்போது முழங்கால் மடங்காது, தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அவர் மனைவிகூட அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார். இந்தத் திடல் வேண்டும் என்று வருஷக்கணக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர் அவர்தான். நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: மேட்டுப் பக்கத்தில் கொங்கிரீட் படி வைத்த கலரி. “எங்க பழைய டீம்ல உசுரோட இருக்கிறவனெல்லாம் முழங்கால் போனவனுங்க. ஒக்காந்து பாக்க எடம் செஞ்சு தாரேன்னு சொல்லியிருக்கேன்” என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் தாழும். அதனால் கலரியில் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வரைபடத்தில் பள்ளத்துப் பக்கச் சுவர்மேல் உயரமான கம்பி வலை வேலி இருந்தது; அதை விட்டுவிட அவர்தான் ஒரு வழி சொன்னார். “பள்ளத்துப் பக்கம் அவ்வளவு ஒசரத்துக்குக் கம்பி வலை எதுக்கு? சுவர் மேல இடுப்பளவுக்குக் கைப்பிடி போட்டா ஒருத்தரும் விழ மாட்டாங்க. பந்து போச்சுன்னா பள்ளத்துல ஒரு ஆள் நிக்கும், எடுத்துப் போடும். நம்ம தோட்டத்துல நிக்கலையா?”

மலைநாட்டில் வளர்ந்த நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். ஆட்டத்தானே செய்வோம்? எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். லயத்துக்குப் பக்கத்தில் தேயிலைக்கு ஆகாத ஒரு துண்டு நிலத்தை ஆட்களே சேர்ந்து வெட்டி மட்டமாக்கியிருப்பார்கள். அதில் இரண்டு கம்பு, ஒரு வலை. பந்து மேட்டுப் பக்கம் போனால் தானே திரும்பி வரும். பள்ளத்துப் பக்கம் போனால் தேயிலைக்குள் உருண்டு ஆற்றில்தான் நிற்கும். அதனால் ஆட்டம் தொடங்குமுன்னே ஒருவனைக் கீழே அனுப்பிவிடுவார்கள். பள்ளத்துக்கு நிற்கிறது என்று அதற்குப் பெயர். அணி பிரிக்கும்போதே, “நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நீ பள்ளத்துக்கு” என்று பிரிப்பார்கள். எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு அந்த வேலையும் கிடையாது, மேட்டில் உட்கார்ந்து கைதட்டுவதோடு சரி. வெளியூர்க்காரர் யாராவது அந்தத் திட்டத்தைப் பார்த்திருந்தால், “வேலி இல்லாமல் எப்படி?” என்று முதலில் கேட்டிருப்பார். எங்களுக்கு அது கேட்கத் தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு அந்தச் சரிவில் ஏற்கனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் பாஸ் கேட்டார், அந்த ஆளு எப்ப விளையாடுறது என்று.

கேப்டன் சிரித்தார். “ஏன் பாஸ், மாறி மாறி நிப்பாங்க.”

“மாறுனாங்களா? ஒங்க தோட்டத்துல மாறுனாங்களா? நீங்க என்னைக்காவது பள்ளத்துல நின்னிருக்கீங்களா கேப்டன்?”

“நான் அடிக்கிற ஆளுய்யா. அடிக்கிற ஆளப் பள்ளத்துல நிக்க வச்சா யாரு அடிக்கிறது?”

“அதத்தாங்க சொல்றேன். நான் ஓடுற ஆளு. ஒன்னப்போல ஓட ஆளில்லடான்னு சொல்லிச் சொல்லியே நிக்க வச்சாங்க. பாராட்டுல மயங்கிப் பள்ளத்துலயே நின்னேன். கொழும்புக்குப் பஸ் ஏறுற வரைக்கும் நின்னேன். பந்து எத்தன கனம்னு எனக்குத் தெரியும், எறிஞ்சு எறிஞ்சு. அடிச்சா எப்பிடி இருக்கும்னு தெரியாது.”

பகிடியாகத்தான் சொன்னார். இரண்டு பேர் சிரித்தும் விட்டார்கள். கேப்டனுக்கு மட்டும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும்.

“வேலி வந்தா யாரு கடைக்கு வேலை வரும்னு இங்க எல்லாருக்கும் தெரியும் பாஸ்,” என்றார்.

இது பொய்யில்லை. வேலிக்கு விலை கொடுத்திருந்தவர் இவர்தான். ஊரில் யாரும் கேட் போடவில்லை, ஜன்னல் கம்பி போடவில்லை. கடைக்கு வேலையே இல்லாத மாதங்கள் அவை. இந்த வேலையை நம்பித்தான் அவர் கடையை மூடாமல் வைத்திருந்தார். அது எனக்கும் தெரியும், மெடத்துக்கும் தெரியும்.

மெடம் கேட்டார்: “பாஸ், வேலை ஒங்களுக்கு இல்ல, வேற ஆளுக்குன்னா? அப்பவும் வேலி வேணுமா?”

நான் பாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், மோட்டார் சைக்கிளை மிதித்தார், போய்விட்டார். வாய் ஓயாத மனிதர் சும்மா போனது எல்லாருக்கும் ஒரு பதில்போலத்தான் இருந்தது. “பாத்தீங்களா?” என்றார் கேப்டன்.

கூட்டம் கலைந்த பிறகு மெடமும் நானும் அந்தச் சுவர்மேல் நின்றோம். மனசில் இருந்ததை நான் மறைக்கவில்லை. “அவருக்கு லாபம் இருக்கு மெடம். அதான் பேசுறாரு” என்றேன்.

“லாபம் இருந்தா பொய்யாயிருமா? எனக்குக்கூடச் சம்பளம் தாராங்க. நான் சொல்றதெல்லாம் பொய்யா?”

பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வியைத்தான் இந்த நாள்வரைக்கும் நான் காவிக்கொண்டு திரிகிறேன். தோட்டத்தில் ஒருவர் ஒருநாள் வேலை செய்தால் அவருக்குப் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால், முதுகு ஒடிய வேலை செய்திருந்தாலும் அன்றைக்கு நீங்கள் வேலைக்கே வரவில்லை என்றுதான் அர்த்தம். மெடம் சரிவைக் காட்டிக் கேட்டார்: “கணக்கக்கா, வேலிய வெட்டிச் செலவக் கொறச்சாச்சு. சரி. அங்க தெனமும் சாயந்தரம் ஒரு ஆள் நிக்கப் போறான். அவனுக்கு யாரு பேர் போடுறது?”

நான் சரிவைப் பார்த்தேன். மெடம் தொடர்ந்தார்:

“அப்ப செலவு கொறையல. நம்ம கணக்குல இருந்து எறங்கி அவன் கணக்குல ஏறியிருக்கு. அவ்வளவுதான்.”

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். ஒரு செலவை வெட்டும்போது அது செத்துப்போனதா, இல்லை வேறு யார் வீட்டுக்காவது குடிபோய்விட்டதா என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். பாதி நேரம் அது நம்மைவிட இல்லாதவர் வீட்டில்தான் போய் உட்கார்ந்திருக்கும். அவர் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார், அதனால் மறுத்துப் பேசவும் மாட்டார்.

ஆனால் கேள்வி நல்லதாக இருந்தால் மட்டும் கம்பி வலை வந்துவிடுமா? பணம் இல்லை. வலை போட்டால் கலரி போகும். கேப்டன் தன் பழைய தோழர்களிடம் என்ன சொல்வார்? அதுவும் நியாயம்தானே? அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தபோதும் இதே நினைவுதான்.

மறுநாள் காலையில் தளத்துக்குப் போனால் பூங்கா வாசலில் ஒரு த்ரீவீலர். அதற்குள் ஆள் உட்கார இடமில்லாமல் பச்சைநிறத்தில் என்னவோ அடைத்திருந்தது. கருவாட்டு வாசம் பூங்கா முழுக்க அடித்தது. பாஸ் முன்னாலே சாரதியின் மடியில் உட்காராத குறையாக ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“என்ன பாஸ் இது?”

“மீன் வலை அக்கா. கடைவீதியில ஹாட்வெயார்க் கட வச்சிருக்கிற முஸ்லிம் நானாவோட பொஞ்சாதி ஊரு கடற்கரையில, கல்முனைப் பக்கம்ல. மச்சான்மாரு கடலுக்குப் போறவங்க. கிழிஞ்ச வலையெல்லாம் நானாவோட கொடவுன்ல சும்மா கெடந்துச்சு. மரக்கறித் தோட்டத்துக்குக் குரங்கு வராம கட்ட விக்கலாம்னு வச்சிருந்தாராம். கொண்டு போய்க் காட்டு, புடிச்சா பேசுவோம்னாரு.”

கேப்டனையும் மெடத்தையும் போன் போட்டு வரவழைத்தார். அவர்கள் வருவதற்குள் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் அந்த வலையை இழுத்துக் கட்டிவிட்டார். கேப்டன் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மலையில மீன் புடிக்கப் போறியா?”

“பந்து புடிக்கப் போறோம். அடிங்க கேப்டன்.”

“எனக்கு முழங்கால்…”

“கையாலதானே அடிக்கணும்? நேத்து அடிக்கிற ஆளுன்னீங்க. அடிங்க.”

கேப்டன் பந்தை வாங்கினார். ஒருமுறை தரையில் தட்டினார். தூக்கிப் போட்டு ஒரு அடி. பந்து வலையில் போய் விழுந்து, வலை அதைத் தொட்டில் பிள்ளைபோல ஏந்தி, மெதுவாகக் கீழே விட்டது. கேப்டனின் முகம் மாறியது. இன்னும் பலமாக அடித்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு அடித்தார். எங்களை மறந்தே போனார். அடிக்கிற ஒவ்வொரு பந்தும் காலடிக்குத் திரும்பி உருண்டு வந்தது. எத்தனையோ வருஷம் விளையாடிய மனிதர், அடித்த பந்து ஆள் எடுக்காமல் பள்ளத்துப் பக்கத்திலிருந்து தானாகத் திரும்பி வருவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்திருப்பார்.

நான் என் வேலையைப் பார்த்தேன். வெயிலில் நைலோன் நூல் இற்றுப்போகும், சில வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்குக் கயிறு கட்டத் தெரிந்தால் போதும். காற்று ஊடே போகும், அதனால் தூணுக்குப் பாரம் குறைவு. தூண் மட்டும் நல்ல குழாயில் உறுதியாக நிற்க வேண்டும். அப்படியானால் இரும்புச் சட்டம் இல்லை, கம்பி வலை இல்லை, அவற்றை ஒட்டுகிற வெல்டிங் வேலையும் இல்லை.

“பாஸ், ஒங்க வேலையில பெரும்பகுதி போயிருச்சே,” என்றேன்.

“தூண் இருக்குல்ல? அத எனக்குத்தான் தரணும். அதையும் வேற ஆளுக்குக் குடுத்தீங்கன்னா வலைய அவுத்துக்கிட்டுப் போயிருவேன்.” சொல்லிவிட்டு மெடத்தைப் பார்த்தார். “நேத்து நீங்க கேட்டதுக்கு இதாங்க பதில். நேத்தே சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க.”

மெடம் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

அப்படியும் பணம் கொஞ்சம் போதவில்லை. மெடம் கேப்டனைப் பார்த்தார். அவரோ மேட்டுப் பக்கம் வெட்டியிருந்த மண்கரையில் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“கரையவே படிபடியா வெட்டிப் புல்லு வச்சுரலாம்னு சொல்லப் போறீங்க,” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலியே,” என்றார் மெடம்.

“மழைக்காலத்துல அட்டை ஏறும்.”

“ஏறட்டும் கேப்டன்,” என்றார் பாஸ். “பள்ளத்துல இத்தன வருஷம் என் ரத்தத்தக் குடிச்சிச்சுக. கொஞ்சம் ஒங்க டீமையும் ருசி பாக்கட்டும்.”

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் கீழ்வரிசை ஒன்று மட்டும் முழங்கால் போனவர்களுக்காகக் கொங்கிரீட்டில் வந்தது, மேலே இருந்ததெல்லாம் புல்படி. அந்த ஒரு வரிசைக்குக் கேப்டன் எங்களிடம் பேரம் பேசவே இல்லை. மெடம்தான் வைக்கச் சொன்னார்.

இரண்டுமே தோட்டத்துப் பழக்கம்தான், கவனித்தீர்களா? மேட்டுக்கரையில் உட்கார்ந்து பார்ப்பது, பள்ளத்தில் ஆளை நிறுத்துவது. ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டோம், மற்றதைத் தள்ளினோம். ஊர்ப் பழக்கம் செலவை மிச்சம் பிடிக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். மேட்டுக்கரையில் உட்கார்ந்திருப்பவர் ஆட்டம் முடிந்ததும் வேட்டியைத் தட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார். பள்ளத்தில் நிற்பவர் போகமுடியாது.

திடல் திறந்த நாளில் முதலில் பெண் பிள்ளைகளின் வலைப்பந்து. இரண்டு பள்ளிக்கூடம். நான் புல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். பள்ளத்துப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வலை காற்றில் லேசாக ஆடியது. அதற்கப்பால் சரிவில் ஒரு மாடு மேய்ந்தது. வேறு ஒருவரும் இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைத்தான் நான் வேலை செய்த காலத்தில் மிச்சம் பிடித்ததிலேயே பெரிது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு பெரியவர்களின் கரப்பந்து. சும்மா சிரிப்புக்கு. கேப்டன் ஒரு பக்கம் ஆட்களைப் பிரித்துக்கொண்டு நின்றார். “நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்” என்று கைகாட்டிக்கொண்டே வந்தவர், கூட்டத்தின் பின்னால் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாஸிடம் வந்து நின்றார். “நீ என் பக்கம். மொத சேர்விஸ் ஒன்னோடது” என்று பந்தை அவர் கையில் வைத்தார்.

பாஸ் செருப்பைக் கழற்றினார். கோட்டில் நின்றார். பந்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தூக்கிப் போட்டு வாழ்நாள் கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு அடி அடித்தார். அது நடுவலையைத் தாண்டி, எதிர் அணியைத் தாண்டி, எவ்வளவோ பேசி நாங்கள் உயர்த்தி வைத்த மீன் வலையையும் தாண்டி, பள்ளத்துக்குள் போய் மறைந்தது. கீழே மாடு மிரண்டு ஓடிய சத்தம் கேட்டது.

எல்லாத் தலைகளும் பாஸ் பக்கம் திரும்பின. பழக்கம்தான், வேறென்ன? கேப்டன்கூட வாயைத் திறந்து, “பாஸ், பந்து…” என்றார்.

பாஸும் பழக்கத்தில் கேட் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு நின்றார். திரும்பி வந்தார். திடலின் நடுவே புது வெள்ளைக்கோட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, கேப்டன் முழங்காலைப் பிடித்தபடி பந்தெடுக்கப் பள்ளத்துக்குப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.